ஊதாச் சட்டைப் பயணம்

என் தந்தை இறந்த செய்தியை வானொலி சொன்னபோது நான் கரியாக்குத் தீவின் ஹில்ஸ்பரோ சந்தையில் தக்காளி அடுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் தீவுகளில் மரண அறிவிப்பு நேரம் வந்துவிட்டால் பேரம் நிற்கும், தராசு நிற்கும், நாயை விரட்ட ஓங்கிய கையும் நிற்கும். பெரிய தீவின் வடக்கே சோட்டேர்ஸ் ஊரைச் சேர்ந்த கத்பர்ட் லாங்கேன், வயது எழுபத்தைந்து, முன்னாள் பாய்மரக்கப்பல் மாலுமி, காலமானார் என்றார் அறிவிப்பாளர். யூடோராவின் கணவர் என்றார். ஏழு பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகப் படித்தார். பேரப்பிள்ளைகளைப் படித்தார். மருமக்களையும் உடன்பிறந்தோரையும் டோமினோ ஆட்டத் தோழர்களையும் ரம் கடைக்காரியையும் படித்தார். ஞாயிறுதோறும் அவருக்கு மீன் விற்ற படகுக்காரரைக்கூட மறக்காமல் படித்தார். என் பெயரைப் படிக்கவில்லை.

மீன் கொடுத்தவருக்கு அந்த அறிவிப்பில் இடம் இருந்தது. அவர் உயிர் கொடுத்த மகளுக்கு இடம் இல்லை.

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு அடக்கம். வருவோர் ஊதா நிறம் அணிந்து வருக. காலையில் செயின்ட் ஜார்ஜஸ் நகரின் கெரனாஜ் துறையிலிருந்து பஸ் புறப்படும். இவ்வளவும் என் காதில் விழுந்தன. எந்தத் தேவாலயம் என்பதையும் அவர் சொல்லித்தான் இருப்பார். என் பெயர் வருமா என்று காத்திருந்த காதில் அது ஏறவில்லை.

நான் கரியாக்குத் தீவுக்காரி. பெயர் லிஸ்ட்ரா. சந்தை வியாபாரிகள் சங்கத்தின் தலைவி. மேடையில் ஏறினால் அமைச்சரையும் நிற்கவைத்துக் கேள்வி கேட்பவள். ஆனால், "உன் அப்பன் யார்?" என்று யாராவது கேட்டால் மட்டும் கூடையைக் குனிந்து பார்ப்பவள். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு எங்கள் சமூகம் உணவு கொடுக்கும், உடை கொடுக்கும், தலையைத் தடவியும் கொடுக்கும். கூட்டத்தின் நடுவில் நிற்க ஓர் இடம் மட்டும் கொடுக்காது.

என் தந்தையின் முகம் எனக்குத் தெரியாது. வீட்டில் ஒரு படமும் இல்லை. அம்மாவுக்குக் கோபம் வந்தால், "அப்படியே அவன் மூஞ்சி!" என்று என்னைப் பார்த்துச் சொல்லுவாள். அவளும் போய்விட்டாள். நாற்பத்தாறு ஆண்டுகளாக யாருடைய முகத்தைச் சுமந்துகொண்டு நடக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அவருடைய வீட்டில் ஒரு செங்கல்லும் நான் கேட்கவில்லை. பெட்டி மூடும் முன் அந்த முகத்தை ஒரு முறை பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் என் கோரிக்கை.

சனிக்கிழமை விடியற்காலைக் கப்பலில் பெரிய தீவுக்கு வந்து இறங்கினேன். செயின்ட் ஜார்ஜஸில் துறைமுகமும் மருத்துவமனையும் எனக்குத் தெரியும். அதற்கப்பால் ஒரு கல்கூட எனக்குத் தெரியாது. கெரனாஜ் துறையில் ஒரு பஸ் நின்றது. அதைச் சுற்றி ஊதாச் சட்டை போட்ட கூட்டம். ஒவ்வொரு மார்பிலும் ஒரு முதியவரின் படம். படத்தின் கீழே, "அன்புக்கு நன்றி, எழுபத்தைந்து" என்று வெள்ளை எழுத்து.

எழுபத்தைந்து! வானொலி சொன்ன அதே வயது.

ஓட்டுநர் இருக்கையில் தடித்த கழுத்தோடு ஓர் ஆள் கோகோ தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். கிளீட்டஸ் என்று அவனை யாரோ கூப்பிட்டார்கள்.

"சோட்டேர்ஸ் போகுதா?" என்றேன்.

"போகாம? சுத்திக்கிட்டுப் போகும். ஏறுக்கா, நிழல் பக்கமாப் பாத்து உக்காரு."

ஏறினேன். எல்லாருக்கும் காலை வணக்கம் சொன்னேன். பஸ் முழுவதும் ஒரே குரலில் பதில் வணக்கம் சொன்னது. வணக்கம் சொல்லாமல் ஏறியிருந்தால், "இவ யாரு?" என்று கேட்டிருப்பார்கள். சொல்லிவிட்டு ஏறியதால் எவரும் கேட்கவில்லை. நானும் எதையும் கேட்கவில்லை.

என் பக்கத்து இருக்கையில் பியர்லின் என்றொரு பெண், அகலமான சிரிப்புக்காரி, மடியில் ஒரு பெரிய சீமைப்பலாவை வைத்திருந்தாள்.

"எந்தப் பக்கம் நீ?"

"கரியாக்கு."

"ஆத்தாடி! கடல் தாண்டியா?" அவள் பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஏய், கேட்டீங்களா? மாமாவுக்குக் கரியாக்குவுலயும் ஆளு இருக்காம்!"

"அவருக்கு எங்கதான் ஆளு இல்ல?" என்றது ஒரு குரல். பஸ் குலுங்கிச் சிரித்தது.

என் முகம் எரிந்தது. துக்க வீட்டுக்குப் போகும் வழியிலேயே குத்திக் காட்டுகிறார்களே! என்றாலும் பல்லைக் கடித்துக்கொண்டேன். குத்தட்டும். முகத்தைப் பார்க்கும்வரை எதையும் தாங்குவேன்.

"உனக்குச் சட்டை இல்லியா? கிளீட்டஸு, அந்தப் பையைத் தள்ளுப்பா இந்தப் பக்கம். இந்தா, போட்டுக்கோ. பெருசா இருந்தா பரவாயில்ல, காத்து வரும்."

சட்டையை விரித்தேன். முதன்முறையாக அந்த முகத்தை அருகில் பார்த்தேன். ஒடுங்கிய கன்னம், ஒரு பக்கம் தூக்கிய புருவம், முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு. இதுதானா? இந்தச் சிரிப்பைப் பார்த்தா என் தாய் மயங்கினாள்? இந்தப் புருவமா என் புருவம்? சன்னல் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன்; சட்டையைப் பார்த்தேன்; மறுபடி கண்ணாடியைப் பார்த்தேன். ஒற்றுமை இருப்பதுபோல் இருந்தது. பார்க்கப் பார்க்கக் கூடியது. கண்ணீர் வந்தது. அந்த ஊதாத் துணியில் முகத்தைப் புதைத்து, நாற்பத்தாறு ஆண்டுகளாகச் சேர்ந்துகிடந்ததையெல்லாம் அழுதேன்.

"ஐயய்யோ, என்னடி இது?" என்றாள் பியர்லின். "சந்தோஷமான நாளு, இப்படி அழலாமா? மாமா பாத்தா வருத்தப்படுவாரு."

சந்தோஷமான நாளா? விண்ணுலகை நம்புகிறவர்கள் அப்படிச் சொல்லக்கூடும் என்று நினைத்தேன். சட்டையைப் போட்டுக்கொண்டேன். என் தந்தையின் முகத்தை என் நெஞ்சில் அணிந்தேன்.

பஸ் நகர்ந்ததும் சோகா என்ற எங்கள் துள்ளாட்டப் பாட்டு முழங்கியது. பனிக்கட்டிப் பெட்டி திறந்தது. ரம் கைமாறியது. நான் குழம்பினேன், ஆனால் பதறவில்லை. எங்கள் கரியாக்குவில் இறந்தவருக்குக் கல் நாட்டும் நாளில் மேளம் கொட்டி விடிய விடிய ஆடுவோம். நாங்கள் கல் நாட்டும்போது ஆடுகிறோம், இவர்கள் அடக்கத்தன்றே ஆடுகிறார்கள் போலும். பெரிய தீவு, பெரிய வழக்கம்.

பஸ் மலைப்பாதையில் திரும்பி அன்னன்டேல் அருவியில் நின்றது. கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள் நனைந்த தலையோடு நின்றிருந்தார்கள்.

"இறங்கு, இறங்கு!" என்று பியர்லின் என்னை இழுத்தாள். "மாமா பேரைச் சொல்லி ஒரு முழுக்கு!"

அடக்கத்துக்கு முன் முழுக்கா? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. செருப்பைக் கழற்றினேன், நெற்றியில் சிலுவை வரைந்தேன், முழங்கால்வரை தண்ணீரில் இறங்கி, கண்களை மூடி, அவருடைய ஆன்மாவுக்காக மும்முறை நீரள்ளித் தலையில் விட்டுக்கொண்டேன்.

"பாருங்கடி கரியாக்குக்காரியை! ஞானஸ்நானம் எடுக்கிறா!"

"பாவம் நிறைய போல. விடு, நல்லாக் கழுவட்டும்!"

அங்கிருந்து கிராண்ட் எட்டாங் ஏரி. மேகம் ஏரியின்மேல் படுத்துக்கிடந்தது. குரங்குகள் மரத்திலிருந்து இறங்கிவந்து வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடின. எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துக் கிளீட்டஸ் படம் எடுத்தான்.

"கரியாக்குக்கா, சிரி! பல்லைக் காட்டு! என்ன, எளவு வீட்டுக்கா வந்திருக்கே?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். இதுவரை எந்த அமைச்சருக்கும் பணிந்ததில்லை. அன்று ஒரு கைப்பேசிக்குப் பணிந்தேன். தந்தையைப் புதைக்கப் போகும் வழியில், தோளில் ஒரு குரங்கோடு, பல்லைக் காட்டியபடி நிற்கும் அந்தப் படம் இன்றும் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும்.

சூரியன் உச்சியை நெருங்கியது. சோட்டேர்ஸ் இன்னும் வரவில்லை. பெட்டியை மூடிவிடுவார்களே என்று பயந்தேன். "நேரமாகாதா?" என்று பியர்லினைக் கேட்டேன். "அவரு இல்லாம எதை ஆரம்பிப்பாங்க?" என்றாள். அதுவும் சரிதான் என்று அமைதியானேன். இப்படித்தான் அன்று ஒவ்வொரு பதிலும் எனக்குச் சரியாகவே பட்டது.

மலை இறங்கியதும் பர்ச் குரோவ் என்ற சிற்றூரில், சாதிக்காய் மரத்தடியில் ஒரு வீட்டின் முன் பஸ் நின்றது. கிளீட்டஸ் ஒலிப்பானை விடாமல் அழுத்தினான். கதவு திறந்தது. வெள்ளைத் தொப்பி, ஒடுங்கிய கன்னம், தூக்கிய புருவம், ஒரு பல் இல்லாத சிரிப்பு. சட்டையில் இருந்த மனிதர் தன் காலாலேயே நடந்துவந்து பஸ்ஸில் ஏறினார்.

நான் அலறினேன். அந்த அலறலில் பியர்லினின் மடியிலிருந்த சீமைப்பலா உருண்டு ஓட்டுநர் இருக்கைவரை ஓடியது. பாட்டு நின்றது. முதியவரும் பயந்துபோய்ப் படியிலேயே நின்றுவிட்டார்.

"யாரும்மா நீ? என்னைப் பாத்தா ஏன் கத்துறே?"

"நீங்க... நீங்க செத்துட்டீங்க!"

"நானா? எப்ப?"

"வானொலியில சொன்னாங்க! கத்பர்ட் லாங்கேன், சோட்டேர்ஸ்..."

"நான் சொனெல். பர்ச் குரோவ். காலையில கஞ்சி குடிச்சேன். நேத்து முடி வெட்டிக்கிட்டேன். செத்த ஞாபகம் இல்லியே."

பியர்லின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடியே, இது அவரோட பொறந்த நாளுடி! எழுபத்தஞ்சு! தீவைச் சுத்திக் காட்டி, பாத்வே கடற்கரையில சீமைப்பலாவும் உப்புக்கறியும் போட்டு ஆயில் டவுன் சமைக்கக் கூட்டிட்டுப் போறோம். நீ யாருன்னு நினைச்சு ஏறுனே?"

நான் சொன்னேன். அன்று காலை முதல் சொல்லாத எல்லாவற்றையும் சொன்னேன். என் தாயைச் சொன்னேன், வராத பெயரைச் சொன்னேன், பார்க்காத முகத்தைச் சொன்னேன். சிரித்த வாய்கள் ஒவ்வொன்றாக மூடின.

"அதான் அருவியில அப்படிக் கும்பிட்டியா?" என்று பியர்லின் மெல்லக் கேட்டாள். "நான் வேற சிரிச்சுத் தொலைச்சேனே."

தோழர்களே, இதை எண்ணிப் பாருங்கள். ஒரே ஒரு கேள்வி, "யார் இறந்தது?" என்ற ஒரே கேள்வி, அதை நான் துறையிலேயே கேட்டிருந்தால் போதும். ஏன் கேட்கவில்லை? நான் ஊமையா? கோழையா? வெளியில் பிறந்த பிள்ளைக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கும் முன்பே வாயை மூடக் கற்றுக்கொடுக்கிறார்களே, அதனால் கேட்கவில்லை. கேட்டால், "நீ யார்?" என்ற எதிர்க்கேள்வி வரும். அந்த எதிர்க்கேள்விக்கு அஞ்சி, உயிரோடிருந்த ஒருவருக்காக அழுதேன், அருவியில் முழுகினேன், குரங்கோடு படம் எடுத்துக்கொண்டேன். மடமை என்னுடையதுதான், அந்த மடமையை எனக்கு ஊட்டி வளர்த்தது யார்?

பஸ்ஸில் வாக்குவாதம் எழுந்தது.

"ரெண்டு மணிக்கா? கிரென்வில் வழியா அடிச்சா போயிரலாம்," என்றான் கிளீட்டஸ்.

"அப்ப சமையலு? உப்புக்கறி ஊறிக்கிட்டு இருக்கு," என்றது பின்பக்கத்துக் குரல்.

"ஒன்னோட உப்புக்கறியைத் தூக்கிக் கடல்ல போடு! ஒருத்தி அப்பனைப் பாக்கப் போறா, இவளுக்குக் கறிதான் கவலை!"

"நான் என்ன சொல்லிட்டேன்? ஊறுதுன்னுதானே சொன்னேன்!"

சொனெல் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார். "இன்னிக்கு என் நாளு. நான் சொல்றதைக் கேளுங்க. என் வயசு ஆளு ஒருத்தரு போயிட்டாரு. இந்தப் பொண்ணு காலையிலேருந்து எனக்காக அழுதிருக்கா. எனக்காக இதுவரைக்கும் எவளும் அழுததில்ல. கிளீட்டஸு, வண்டியை எடு."

பஸ் பறந்தது. கிரென்வில் சந்தையைத் தாண்டினோம். கோகோ காயும் களங்களைத் தாண்டினோம். இடப்பக்கம் மலையும் வலப்பக்கம் கடலும் ஓடின. இவையெல்லாம் காண வேண்டிய காட்சிகள்தாம். நான் கண்டது சாலையை மட்டுமே.

சோட்டேர்ஸுக்குள் நுழைந்ததும் கிளீட்டஸ் திரும்பிக் கேட்டான். "எந்தக் கோயிலு?"

வானொலி சொன்னதை நினைவில் தேடினேன்.

"கத்தோலிக்கமா, ஆங்கிலிக்கனா?"

"தெரியாதுப்பா."

"அப்பா எந்தச் சபைன்னே தெரியாதா?" என்று கேட்டவன், என் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். பஸ்ஸைக் குன்றின்மேலிருந்த கத்தோலிக்கத் தேவாலயத்துக்கு விட்டான்.

அங்கே ஒரு மாது பூச்சாடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊதாக் கூட்டத்தைக் கண்டு திகைத்தாள். "லாங்கேனா? அந்த ஆளு இங்க காலெடுத்து வச்சிருந்தா கூரையே இடிஞ்சிருக்கும். அவரு ஆங்கிலிக்கன். கீழ போங்க."

கீழே போனோம். ஆங்கிலிக்கன் தேவாலயத்தில் பூ மணமும் மெழுகுவர்த்திப் புகையும் மட்டும் மிச்சமிருந்தன. ஒருவர் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"இப்பத்தான் குறுக்கு வழியாத் தூக்கிட்டுப் போனாங்க. பெட்டியை மூடித் திருகாணி போட்டாச்சு."

நான் வாசலுக்குத் திரும்பினேன். பியர்லின் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்க புதைக்கிறாங்க?" என்றார் சொனெல்.

"மேல குன்றுல. அவரோட அம்மா கத்தோலிக்கம்ல, அவங்க கல்லறையிலேயே வைக்கணும்னு கேட்டாராம். உங்க வண்டி இப்ப அங்கேருந்துதானே இறங்கி வந்துச்சு?"

மறுபடியும் மேலே! எந்தக் குன்றிலிருந்து இறங்கினோமோ அதே குன்றுக்கு, தேவாலயத்துக்குப் பின்னால், கடலைப் பார்த்த இடுகாட்டுக்கு ஓடினோம். ஆதிக்குடிகள் அடிமையாக மறுத்துக் கடலில் குதித்த பாறை அதன் விளிம்பில்தான் இருக்கிறது. அதைப் பார்க்க வந்த இரண்டு சுற்றுலாப் பயணிகள் எங்களைப் படம் எடுத்தார்கள்.

கல்லறையைச் சுற்றி ஊதா உடையில் ஒரு கூட்டம் ஞானப்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. பாதிரியார் ஒதுங்கி நின்றார். பெட்டி கயிற்றின்மேல் இருந்தது. இன்னும் உள்ளே இறங்கவில்லை. கல்லறையை மூட இரண்டு கொத்தனார்கள் கலவையைக் குழைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஊதாக் கூட்டத்துக்குள் இந்த ஊதாக் கூட்டம் புகுந்தது. பாட்டு தடுமாறி நின்றது.

வாட்டசாட்டமான ஒருவர் முன்னே வந்தார். மூத்த மகன் ஆஸ்வால்ட் அவர்தான் என்று பிறகு அறிந்தேன்.

"யாரு நீங்கல்லாம்? என்ன வேஷம் இது? யாரு படம் அது?"

"என் படம்தான் தம்பி," என்றார் சொனெல். "தப்பா நினைக்காதீங்க, நான் இன்னும் சாகல."

"எங்கப்பா அடக்கத்துல வந்து கூத்தடிக்கிறீங்களா?"

அப்போதுதான் என் மார்பைப் பார்த்துக்கொண்டேன். என் தந்தையின் கல்லறை முன், வேறொருவர் முகத்தை அணிந்துகொண்டு நிற்கிறேன்! சட்டையைக் கழற்றவும் வழியில்லை. கைகளை மடித்து மறைத்தேன். அந்தக் கணத்தில் திரும்பி ஓடியிருப்பேன். பின்னால் பியர்லின் மலைபோல் நின்றதால் ஓட முடியவில்லை.

"என் பேரு லிஸ்ட்ரா," என்றேன். "கரியாக்கு. கத்பர்ட் லாங்கேனோட மக."

கூட்டத்தில் ஒரு முனகல் ஓடியது.

"வானொலியில அப்படி ஒரு பேரு வரலியே," என்றார் ஆஸ்வால்ட்.

"வரல. மீன்காரர் பேரு வந்துச்சு. டோமினோ ஆடுனவங்க பேரு வந்துச்சு. நல்லது, அவங்களும் அவருக்கு வேண்டியவங்கதான். என் பேரு வரல, அதனால நானே சொல்லிக்கிறேன். சொத்து கேக்க வரல. உங்க வீட்டுல ஒரு நாற்காலி கேக்கவும் வரல. அவரு செஞ்ச காரியத்துக்கு அவரு தலைகுனிஞ்சாரா? இல்ல. உங்கம்மா குனிஞ்சாங்க. எங்கம்மா குனிஞ்சாங்க. நான் பொறந்த நாளுலேருந்து குனிஞ்சிருக்கேன். ஒரு ஆம்பளை நிமிந்து நடக்க மூணு பொம்பளைங்க குனிஞ்சோம். போதும் அண்ணே. பெட்டியைத் திறக்கச் சொல்லுங்க. ஒரு தடவை பாத்துட்டுப் போயிடுறேன்."

"அண்ணனா? யாருக்கு யாரு அண்ணன்?"

"ஏன், இல்லியா?" என்றாள் பியர்லின். "ரெண்டு பேரு தாடையையும் பக்கத்துல வச்சுப் பாரு!"

"பியர்லினு, நீ சும்மா இரு," என்றார் சொனெல்.

கொத்தனார்களில் ஒருவர் இருமினார். "ஐயா, கலவை இறுகுது. எதுனாலும் சீக்கிரம் முடிவு பண்ணுங்க."

முன்வரிசை நாற்காலியில் ஒரு முதிய பெண் உட்கார்ந்திருந்தாள். தலையில் ஊதாத் தொப்பி, மெல்லிய வலைத்துணி. என் தந்தையின் மனைவி யூடோரா. அவள் கைத்தடியால் தரையைத் தட்டினாள்.

"திறங்க."

"அம்மா!"

"ஆஸ்வால்ட்டு, திருகாணியைக் கழட்டுன்னேன். பாத்துட்டுப் போகட்டும். அந்த மூஞ்சி என்ன, பாத்தாத் தேஞ்சா போயிடும்?"

திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மூடி உயர்ந்தது. எனக்கு வழிவிட்டார்கள். நான் குனிந்து பார்த்தேன்.

அங்கே ஓர் அந்நியர் படுத்திருந்தார். அகன்ற தாடை, தட்டையான மூக்கு, இறுக மூடிய உதடுகள், கழுத்துப்பட்டை. எனக்காகக் காத்திருந்த முகமும் அல்ல. என்னிடமிருந்து ஒளிந்த முகமும் அல்ல. தாடை என் தாடைதான், பியர்லின் சொன்னது பொய்யில்லை. ஆனால் நெஞ்சில் எதுவும் அசையவில்லை. காலையில் ஊதாத் துணியில் ஒரு கடலையே கொட்டினேனே, அதில் ஒரு துளி இவருக்கென்று மிஞ்சவில்லையா? கண்ணைக் கசக்கினேன். வரவில்லை. அப்பா என்று நினைக்க முயன்றேன். பல்லில்லாத சிரிப்பும் வெள்ளைத் தொப்பியும்தான் நினைவில் வந்தன. திரும்பிப் பார்த்தேன். சொனெல் தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு, தான் ஏதோ தவறு செய்துவிட்டதுபோல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாருக்காக அழுதேன்? யாரைப் பார்க்க வந்தேன்? பார்த்துவிட்டேனா, இன்னும் பார்க்கவில்லையா? 

கைத்தடியின் ஒலி அருகில் வந்தது. யூடோரா என் பக்கத்தில் வந்து நின்று பெட்டிக்குள் பார்த்தாள். அவளிடமிருந்து சாதிக்காய்த் தைலமும் கற்பூரமும் மணந்தன.

"என்ன, ஒண்ணும் புரியலையா?"

"புரியலம்மா."

"எனக்கும்தான். அம்பது வருஷம் பக்கத்துலயே படுத்திருந்தேன். அந்த மூஞ்சிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கும் இன்னிவரைக்கும் புரியல." அவள் என் மார்பிலிருந்த படத்தைப் பார்த்தாள். "இந்த ஆளு நல்லாச் சிரிக்கிறாரு."

பிறகு கொத்தனார்களை நோக்கித் தலையசைத்தாள். மூடி இறங்கியது. பெட்டி உள்ளே போனது. கல் வைத்துக் கலவை பூசத் தொடங்கினார்கள். பாட்டு மீண்டும் எழுந்தது. என்னோடு வந்த பிறந்தநாள் கூட்டமும் சேர்ந்து பாடியது. அவர்கள்தான் அதிக ராகமாகப் பாடினார்கள். பின்வரிசையில் இருந்த யாரோ சொனெலின் கையில் ஒரு கிண்ணம் ரம்மைத் திணித்து, "இறந்தவருக்கு நீங்க அண்ணனா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அவர் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை.

மலர்வளையம் வைக்கும் நேரம் வந்தது. பிள்ளைகள் எல்லாரும் கல்லறை ஓரம் வரிசையாக நிற்க வேண்டும் என்றார் பாதிரியார். ஏழு பேர் நின்றார்கள். ஆஸ்வால்ட் என் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் நின்றவள் வெர்லின், இளைய மகள், பெரிய கருப்புக் கண்ணாடி அணிந்திருந்தாள். அவள் கண் எங்கே பார்த்தது என்று தெரியவில்லை. வரிசையிலேயே ஓரடி உள்பக்கமாக நகர்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விழுந்தது. அவள் நின்றிருந்த இடத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நகர்ந்த இடத்தில் பாதாம் மரத்தின் நிழல் இருந்தது.

எனக்காக நகர்ந்தாளா, வெயிலுக்காக நகர்ந்தாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. நான் போய் அந்த வெயிலில் நின்றுகொண்டேன்.